தோட்டாவுக்கு மருந்து அளந்த அப்பா

ஊரைவிட்டு வந்து தனியாக இருக்கும் டாக்குரியா வீட்டில் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் அப்பா நினைவு வந்தது.

ரைபிள் கிளப் போட்டிக்கு அப்பா வீட்டிலேயே தோட்டா நிரப்புவார். குறி தப்பாதிருக்க எல்லாவற்றிலும் வெடிமருந்து ஒரே அளவு இருக்கவேண்டும். தராசு ஆடாதிருக்க ஃபேனை நிறுத்திவிடுவார். யாரும் பேசக்கூடாது.

"இவ வாயே தொறக்கமாட்டா, இவ மட்டும் இருக்கட்டும்" என்பார் என்னைக் காட்டி.

ஒருநாள் ஒரு தோட்டாக் கூட்டில் மருந்து மேலேறித் தெரிந்தது. இருமுறை போட்டிருந்தால் துப்பாக்கி அவர் முகத்திலேயே வெடித்துவிடும்.

"அப்பா, இதுல ஜாஸ்தியா இருக்கு" என்றேன்.

அத்தனையையும் திரும்பக் கொட்டினார்.

"ஒண்ணுக்காக எல்லாத்தையுமா? புழுங்கிச் சாகறோம், ஃபேனைப் போடுங்கோ!" என்றாள் அம்மா.

"குழந்தை சொல்லிட்டாளே. மொதல்லேந்துதான்."

இப்போது எதிர்வீடுகளில் விளக்கு வந்துவிட்டது. இங்கே மட்டும் ஃபியூஸ் போயிருக்கும். யாரைக் கூப்பிட்டுச் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.