தம்பி வாங்கி வந்த லோரி

ரவாங்கில் மகள் வீட்டில், பிறந்த பேரனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினார்கள். அந்தப் புகை என்னை ஐந்து வயதுக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனது.

அன்று, பிறந்த தம்பியைக் காட்டி அப்பா ஒரு பொம்மை லோரியை நீட்டினார். “தம்பி உனக்கு வாங்கிட்டு வந்தான்டா.”

கண்ணே சரியாகத் திறக்காதவன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரை எப்படிப் போய் வந்தான்? சந்தேகமே இல்லை, லஞ்சம். அம்மா பக்கத்தில் நான் படுக்கும் இடத்துக்குக் குறி வைக்கிறான். லோரியைத் தொட்டிலில் போட்டு, “நீயே வச்சுக்க, கிளம்பு” என்றேன். அவன் கிளம்பவில்லை. லோரியும் போனது, இடமும் போனது.

இப்போது நான்கு வயதுப் பேத்தியிடம் அதே பொய்யைச் சொல்லிப் பொம்மையை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பொம்மையை வாங்கிக்கொண்டு நேராக அம்மா பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

“தம்பிக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க, தாத்தா. அவன் தொட்டில்லயே படுக்கட்டும் லா.”