கதவைவிடப் பெரிய கடல்

"மாடியைப் பயன்படுத்தும் அனைவரும் இம்மாத இறுதிக்குள் தங்கள் பொருட்களை அகற்றிக்கொள்ள வேண்டியது." சென்ற ஆண்டு பிப்ரவரி மூன்றாம் தேதியிட்டு, ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய ஒரு பழைய கிடங்கின் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இவ்வளவுதான் இருந்தது. உண்மையில் அதை ஒட்டியது ஐந்தாம் தேதி. மூன்றாம் தேதி மாலை நானே அந்தப் படியில் ஏறி இறங்கினேன். சுவரில் எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தால் யாருக்கும் லாபமோ நட்டமோ கிடையாது. இரண்டு தேதிகளும் என்னிடம் இருக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

"அனைவரும்" என்று அந்தத் தாள் குறிப்பிட்டது இரண்டு பேரை. ஒருவர் ஓவியர். ராயபுரத்து மாதா கோயில் தெருவில் பிறந்தவர், அப்பா விசைப்படகு ஓட்டியவர், பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மற்றவர் வியாசர்பாடிக்காரர். கிரில் பட்டறையில் வேலை செய்துகொண்டே காயலான் கடை இரும்பில் சிற்பம் செய்பவர்; அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய நண்டு. நான் இரண்டு தெரு தள்ளி வசிக்கிறேன். இந்தப் பகுதியின் பழைய கிடங்குகளைப் பற்றிக் குறிப்பெடுப்பது என் பொழுதுபோக்கு. மாடி வாசலுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கப்பியைப் பற்றிக் கேட்கத்தான் முதன்முதலாக அங்கே ஏறினேன். டீ கொடுத்தார்கள். பிறகு கப்பி என்ற சாக்கு இல்லாமலேயே போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு காலத்தில் அது மிளகாய்க் கிடங்கு. மழைநாளில் சுவர் ஈரம் வாங்கினால் இன்னமும் நெடி கிளம்பும். புதிதாக வருகிறவர் தும்மினால், "படத்தப் பாத்து அழுவுறாங்கன்னு நெனச்சுக்க யக்கா" என்று ஓவியரிடம் சொல்வார் சிற்பி.

ஓவியர் அங்கே செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு படம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடல். எண்ணூர்ப் பக்கம் செங்கல் அறுப்பவர்களிடம் அனல்மின் நிலையச் சாம்பல் வாங்கி வந்து, பசையில் குழைத்து, பிளைவுட் பலகைகளின்மேல் பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் வண்ணம். பலகை பலகையாகச் சேர்த்து, பின்னால் மரச்சட்டம் அடித்து, இணைப்புகளையும் அதே சாம்பலால் மூடிவிட்டார். சுருட்ட முடியாது, பிரிக்க முடியாது. ஆள் உயரத்தைப்போல் இரண்டு பங்கு உயரம்; நீளத்துக்கு முழுச் சுவர் வேண்டும். சிறியதாகக் கடல் வரைய அவருக்கு வராது என்பதல்ல. படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது கடல் தலைக்கு மேலே எழும்புமே, அந்த உயரம் வேண்டும் என்பார்.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் மூவரும் படத்தின் முன்னால் நின்றோம்.

"யக்கா, கதவ அளந்தியா?"

"எந்தக் கதவ?"

"கீற ஒரே கதவத்தான்."

படிக்கட்டுக் கதவு ஒருவர் நுழையும் அகலம்தான். படம் தொடங்கியபோது இன்னொரு வழி இருந்தது. கப்பிக்குக் கீழே, தெருவைப் பார்த்த பெரிய வாசல். மூட்டைகளை வண்டியிலிருந்து நேராக மாடிக்கு இழுப்பதற்காக வைத்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, சாரல் அடிக்கிறது என்று உரிமையாளர் ஆள் அனுப்பி அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இவர்கள் வாய் திறக்கவில்லை. பத்திரம் இல்லாமல், குறைந்த வாடகையில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் நம் நினைப்பு அவருக்கு வந்துவிடும். விளக்கு எரியாவிட்டால் தாங்களே மாற்றுவார்கள், மேல்தளம் ஒழுகினால் தாங்களே ஏறுவார்கள், வாசலை அடைத்தால் நன்றி சொல்வார்கள். சாய்த்து வைக்க இன்னொரு சுவர் கிடைத்ததென்று படத்தின் கடைசிப் பலகைகளை அந்தப் புதுச் சுவரில் சாய்த்துத்தான் சேர்த்தார் ஓவியர்.

"ரெண்டா அறுத்துடலாமா?" என்றார் சிற்பி, மெதுவாக.

"மொதல்ல உன் நண்ட ரெண்டா அறு. அப்புறம் எங்கிட்ட வா."

"என் நண்டு பத்து துண்டா கயண்டு வரும் யக்கா. எல்லாம் நட்டு போல்ட்டு. பட்டறைல வேல செய்றவன் மொதல்ல வண்டில ஏறுமான்னுதான் பாப்பான்."

அடைத்த சுவரை உடைக்க உரிமையாளரின் மகன் போனிலேயே சம்மதித்துவிட்டார். கிடங்கையே இடிக்கப்போகிறார்கள், எப்படியும் உடைக்கப்போகிற சுவர்தானே. ஆனால் வெளியே போய்ப் பார்த்தால், வாசல் இருந்த இடத்துக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் மின்மாற்றி. வாசல் அடைபட்ட பிறகு வந்தது. அந்தப் பக்கம் ஒரு கழியை நீட்டக்கூட யாருக்கும் துணிவில்லை.

அந்த மாதம் முழுவதும் அவர் இடம் தேடினார். சில நாட்கள் நானும் கூடப் போனேன். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு மேலே முன்பெல்லாம் காலி மாடிகள் கிடைக்கும். மெட்ரோ வந்த பிறகு மாடிகளிலும் கடைதான். காலடிப்பேட்டையில் ஒரு வீட்டுக்காரம்மாவுக்குக் கார் நிறுத்தும் இடத்தைக் கொடுக்க மனம் இருந்தது. "வாசன வருமா? ஆளுங்க வந்து போவாங்களா?" என்று கேட்டார். "வரமாட்டாங்க, படத்தப் பாக்க யாரும் வர்றதில்ல" என்று ஓவியர் உண்மையைச் சொன்னார். "அப்ப எதுக்கும்மா வரையிற?" என்று அந்த அம்மா பரிவோடுதான் கேட்டார். அந்த இடமும் படத்தின் உயரத்துக்குப் போதவில்லை.

கெடு முடிந்தும் படம் அங்கேயேதான் இருந்தது; மார்ச் மாதம் இடிப்பு மேஸ்திரி வந்தார். கட்டடம் இடிப்பவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. வாசற்படியில் கற்பூரம் ஏற்றிய பிறகு கதவு, ஜன்னல், அடுத்து மேல்தளம், அதற்கடுத்து தேக்கு உத்தரங்கள், சுவர் கடைசியில். அவர்களுக்கு ஆதாயம் உத்தரத்தில்தான். இந்தக் கிடங்கின் உத்தரங்கள் அப்போதே விலைபோயிருந்தன. மேஸ்திரி படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, வூட்ட கட்டிட்டு உள்ள கப்பல வுட்டா மாதிரி?"

"அண்ணே, தளத்த பேத்த பிறகு சுவரு எவ்ளோ நாள் நிக்கும்?"

"நாங்க தொடற வரிக்கும் நிக்கும்."

"அப்ப மேல வழியா எடுக்கலாமா?"

மேஸ்திரி சிரித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். ஒரே ஒரு உத்தரத்தை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தால், அதன்மேல் உயரமாக ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தி அதில் செயின் பிளாக் மாட்டலாம் என்றார் சிற்பி. பாரம் தூக்கும் அந்தச் சங்கிலியைப் பட்டறையிலிருந்து தான் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

"ஒத்த உத்தரம், ஒத்த நாளு. அத ஏத்த லாரி வந்துச்சுன்னா எறக்கிடுவேன். மேலேந்து பல்லி வுயுந்தாலும் நான் பொறுப்பில்ல, சொல்டேன்" என்றார் மேஸ்திரி.

தளத்தைப் பெயர்த்த நாட்களில் படத்தின்மேல் சவுக்குக் கழிகளைச் சாய்த்து, லாரித் தார்ப்பாயை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை சுண்ணாம்பும் செங்கலும் சரியும்போதும் ஓவியர் தெருவில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். காரணம்: உறவினருக்கு அறுவை சிகிச்சை.

மார்ச் மூன்றாம் வாரம், சனிக்கிழமை காலை, தார்ப்பாயை எடுத்தார்கள். அந்தப் படத்தின்மேல் வெயில் பட்டது அதுவே முதல்முறை. ஆண்டுக்கணக்கில் அது டியூப்லைட்டில் வளர்ந்த படம். சாம்பல் நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் பச்சை. எண்ணூர்ப் பக்கத்து மூலையில் ஒரு மஞ்சள், யாரும் அதுவரை கவனிக்காதது. ஓவியரே கவனித்திருக்கவில்லை. கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இங்க தப்பாயிருக்கு. ஒரு கை வச்சுட்டு..."

"யக்கா, லாரி நிக்குது."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். கூரையில்லாத அறைக்குள் அவர்களுக்கு முழுப் படமும் தெரிந்தது.

"இன்னாம்மா அது, எந்த ஊரு கடலு?"

"நம்ம கடல்தான்" என்றார் ஓவியர்.

"நம்ம கடலா? கப்பலே காணோம்?"

"கப்பல்லாம் பின்னாடி கீது" என்றார் சிற்பி. "சிங்கிளா போஸ் குடுக்கணும்னு கடலு சொல்லிச்சு."

சிரிப்பைக் கேட்டு அடுத்த மாடியிலும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். ஒரு பெரியவர் தன் கட்டுமரம் கவிழ்ந்த இடம் இது என்று ஓர் இடத்தைக் காட்டினார். பக்கத்திலிருந்தவர் அது அங்கேயில்லை, இன்னும் வடக்கே என்றார். ஓவியர் அந்தப் பேச்சை நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சி வைக்க வேண்டும் என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் அதற்கேற்ற கூடம் இல்லை. நகரின் தெற்கே இருக்கும் கூடங்களின் கதவு போதாது. அந்தப் படம் இதுவரை காட்சிக்கு வைக்கப்பட்டது அந்தக் காலையில் மட்டும்தான்.

சங்கிலி முறுகி முறுகி ஏறியது. சுவரின் தலையைத் தாண்டும்போது படம் காற்றில் ஒருமுறை திரும்பியது. கீழே கயிறு பிடித்தவர்கள் கத்தினார்கள். பக்கத்துக் காலிமனையில் இறங்கியபோது கீழ்மூலையில் ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் பெயர்ந்திருந்தது. காசிமேட்டுக் கரை இருந்த மூலை. மற்றபடி முழுசாக வந்துவிட்டது. ஓவியர் பெயர்ந்த துண்டுகளைப் புடவைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டார். மேஸ்திரி மேலிருந்தே, "பல்லி கூட வுயல டீச்சர்" என்று கத்தினார்.

இப்போது அது மாதவரத்தில், சிற்பிக்குத் தெரிந்த ஒருவரின் லாரி பாடி கட்டும் கொட்டகையில் நிற்கிறது. தார்ப்பாய் போர்த்தி, முகம் சுவர்ப்பக்கம். கொட்டகைக்காரருக்கு எப்போது இடம் வேண்டுமோ அப்போது எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஓவியர் வீட்டில், சமையலறையை ஒட்டிய இடத்தில் வரைகிறார். போன மாதம் போயிருந்தேன். தாம்பாள அளவுப் பலகைகள். மீன், சட்டி, ஜன்னல். நன்றாகத்தான் இருக்கின்றன. கடல் இல்லையா என்று கேட்டேன். "இதுல வச்சா அது தண்ணி மாதிரி இருக்குது சார்" என்றார். வீட்டுக் கதவின் அகலமும் உயரமும் சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

கலைஞர்களுக்கு இடம் போகிறது என்று எழுதும்போது நாம் முகவரி போவதாக நினைக்கிறோம். முகவரி மாறினால் பஸ் மாறும், அவ்வளவுதான். ராயபுரத்தில் இவருக்குப் போனது ஒரு அளவு. அந்த அளவில் மட்டுமே வரக்கூடியதும் அதோடு நின்றுபோயிற்று.

கிடங்கு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. விளம்பரப் பலகையில் தரைத்தள முகப்புக்கூடம் வரைந்திருக்கிறார்கள். அதன் பெரிய சுவர் வெறுமையாக இருக்கிறது. அந்தச் சுவருக்கு ராயபுரத்துக் கடல் படம் ஒன்று தேடுகிறார்கள் என்று விற்பனை அலுவலகத்தில் சொன்னதாகச் சிற்பி சொல்கிறார். ஓவியர் முன்னால் நான் கேட்டபோது, தானே நேரில் போய்க் கேட்டதாகச் சொன்னார். தனியாகக் கேட்டபோது யாரோ சொன்னார்கள் என்றார். நான் அந்த அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன்; முகப்புச் சுவர் பற்றிச் சொல்லக்கூடியவர் இரண்டு முறையும் இல்லை. ஓவியர் கேட்டுவரச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: முகப்பு வாசல் எவ்வளவு உயரம்? பலகையில் அந்த அளவு போடவில்லை. இதை எழுதும் நாள்வரை அதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.