காட்சிக்குப் போன டைவோ

அபெயோகுட்டாவில் லாரிகளின் பின்பலகைகளில் சிங்கமும் கழுகும் எழுதிப் பிழைத்தவன் கெஹிண்டே. அவனோடு ஒரே கருவில் உதித்த டைவோ, பால்குடி மறக்குமுன்னே காய்ச்சலில் போனான். யொருபா மரபுப்படி தாய் அவனுக்கு ஒரு சாண் உயரத்தில் மரப்பாவை செய்வித்தாள். அன்றுமுதல் அதற்குத் திருமஞ்சனம் ஆட்டினாள், செஞ்சாந்து பூசினாள், காராமணி அவித்து ஊட்டினாள். நாற்பது ஆண்டு அவள் விரல் வருடியதில் பாவையின் மூக்கும் வாயும் தேய்ந்து மறைந்தன.

தேய்ந்த அம்முகத்தையே கெஹிண்டே பின்னாளில் பெரிய பெரிய துணிகளில் வரைந்தான். லாகோஸ் நகரக் கலைக்கூடத் தலைவி மொரெனிகே அவற்றைக் காண வீடுதேடி வந்தாள்.

"படம் மட்டும் போதாதுங்க. அந்தப் பொம்மையும் நடுவுல நிக்கணும். அப்பதான் உயிரு வரும்."

"யாரைப் பொம்மைங்கற? எம்புள்ளைடி அவன்!" என்று தாய் சீறினாள்.

"பத்திரமா கூட்டிட்டு வந்துடறேம்மா. நானே சாப்பாடு வைக்கிறேன்," என்றான் கெஹிண்டே.

"நீ உன் வயித்தையே மறக்கறவன்டா. தம்பி பட்டினி கிடந்தான்னு தெரிஞ்சுது, தொலைச்சுப்புடுவேன்."

ஆயினும் தன் தலைத்துணியை அவிழ்த்து, அதில் பொதிந்து கொடுத்தாள்.

திறப்பு விழாவில் புகழ்மொழிகள் அவனை மயக்கின. "பாவையும் படங்களும் பிரிக்க முடியாத ஒரே படைப்பு," என்று முழங்கினான். காட்சி முடிந்த மறுநாள், அவித்த காராமணியோடு போனவன் வெற்றுப் பீடத்தைக் கண்டான். எல்லாம் விற்றாயிற்று என்றாள் மொரெனிகே.

"எப்படி மேடம் வித்தீங்க? அது என் தம்பி!"

"பிரிக்க முடியாதுன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க? ஒரு வெளிநாட்டுக்காரர் அதை நம்பித்தான் மொத்தமா வாங்கினாரு. பொம்மையை மட்டும் விட்டுடுங்கன்னு கேட்டுப் பாத்தாச்சு. தரமாட்டேங்கறாரு."

வெறுங்கையோடு திரும்ப அஞ்சி, அவன் தச்சனைக் கொண்டு மற்றொரு பாவை செய்வித்தான். மூக்கையும் வாயையும் உப்புத்தாளால் தானே தேய்த்தான். செஞ்சாந்து பூசித் தாயிடம் நீட்டினான்.

அவள் கட்டைவிரலால் அதன் முகத்தை ஒருமுறை வருடினாள். பின்பு தரையில் வைத்தாள்.

"இது யாரு வீட்டுப் புள்ளைடா?"



இரட்டையரில் ஒருவன் இறந்தால் தாய் அழலாகாது. அழுதால் போனவன் இருப்பவனையும் அழைத்துக்கொள்வான் என்பர். நாற்பது ஆண்டு ஒரு துளியும் சிந்தாதிருந்தவள், இருப்பவன் எதிரில் நிற்கிறான் என்றும் பாராமல் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.