அத்தைக்கு எழுபத்து மூன்று, எனக்கு ஆறு

அப்பாவின் சேலைக் கடை வாசலில் என் படத்தை ஆளுயரத்துக்கு வைப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் பாதிப் பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டிலிருந்து திரும்பும் ஒரு சந்தில்தான் கடை. அந்தத் தீபாவளிக்கு அப்பா புதிதாக ஒன்றை யோசித்தார். சேலை வாங்குகிற குடும்பத்தைக் கடையின் பக்கச் சுவருக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துத் தருவது, இலவசமாக. எடுக்க ஒப்புக்கொண்டவர் தோ பாயோ பேட்டையில் குடியிருப்பவர். வார நாளில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறில் கல்யாண வீடுகளில் கேமரா. ஞாயிறு காலை கூட்டம் வரும் என்பதால், சனிக்கிழமை காலையிலேயே வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க வந்தார். நாளைக்கும் இதே நேரத்துக்கு இதே வெயில்தானே, அதனால். சோதிக்க ஒரு முகம் வேண்டும். அது நான். சோதனையில் நன்றாக வந்த படத்தை அன்றைக்கே பெரிதாக அச்சடித்து வாசலில் வைப்பதாக ஏற்பாடு.

விடிவதற்குள் எழுந்து தலைக்குக் குளித்து, பாவாடை கட்டி, பிடோக் வீட்டிலிருந்து அப்பாவின் வேனில் ராணி மாதிரி வந்து இறங்கினேன். அந்தக் கேமரா அங்கிள் ஒரு உயரமான கம்பத்தில் லைட்டை மாட்டி, அதன்மேல் வெள்ளைக் குடையை விரித்தார். காற்றில் சாயாமல் இருக்கக் கம்பத்தின் காலில் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். முக்காலியில் நான் அசையாமல் உட்கார்ந்தேன். ஆறு படம். “சூப்பர் லா! நாளைக்கு எல்லாரும் இப்படி உட்கார்ந்தா எனக்கு வேலையே இல்ல,” என்றார். என் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நாளைக்கு வருகிறவர்கள் எல்லாம் பட்டில் வருவார்கள், ஃப்ளாஷ் பட்டால் சரிகை படத்தில் வெள்ளையாக எரிந்துவிடும், அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். என் பாவாடையோ பருத்தி. உள்ளே அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த அத்தையைக் கூப்பிட்டேன். ஆமாம், நானேதான் கூப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வந்ததோ ஆத்திரம்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை, சனிக்கிழமைகளில் கடைக்கு ஒத்தாசை. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அவருக்கும் கேமராவுக்கும் ஆகவே ஆகாது. சில மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் அவரைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்புவார்கள். அதற்கு முன்னால் அம்மா தவறாமல் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். கண்ணாடி இல்லாமல் அத்தை தொலைந்த பஸ் கார்டைத் தேடுகிறவர் மாதிரி விழிப்பார். பிறகு எங்கிருந்தோ பதில் வரும், அல்லது வராது. இரண்டு நாளைக்கு அவர் யாரோடும் பேசமாட்டார். அத்தைக்குப் படம் ராசி இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

சுடிதாருக்கு மேலேயே ஒரு அரக்குப் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அத்தை. உட்கார்ந்ததும் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

“ஏன் கழட்டுறீங்க?” என்றார் அங்கிள்.

“இல்ல, ரெண்டு கண்ணுலயும் குடைதான் தெரியும்.”

“அது லைட்டோட தப்பு, கண்ணாடி என்ன பண்ணும்? நீங்க போட்டுக்குங்க. நான் லைட்டை மாத்துறேன்.”

அத்தை கண்ணாடியைத் துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டார்.

அங்கிள் கம்பத்தை உயர்த்தினார். ஒரு படம். பக்கவாட்டில் நகர்த்தினார். ஒரு படம். அரிசி மூட்டையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினார். பத்தாவது படத்திலேயே குடை கண்ணாடியை விட்டுப் போய்விட்டது. சரிகையும் சரிகையாகவே இருந்தது. பக்கத்தில் நின்று நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் மனிதர் நிறுத்தினால்தானே! “இன்னும் ஒண்ணே ஒண்ணு, சும்மா செக் பண்ணிக்கிறேன்,” என்றே எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் தேக்கா மார்க்கெட்டில் எந்தக் கடை சூப் கம்பிங், அதாவது ஆட்டுக்கறி சூப், நன்றாக இருக்கும் என்று ஒரு பெரிய விவாதம் வேறு. அத்தை பல் தெரியச் சிரித்தார். அதற்கும் ஒரு படம். எனக்கு வயிறு எரிந்தது.

வங்கி வரை போயிருந்த அப்பா திரும்பி வந்தார். வாசலில் வைக்க எந்தப் படம் என்று கேட்டார். அங்கிள் கேமராவைப் பார்த்துக்கொண்டே, “இது நல்லா வந்திருக்கு,” என்று காட்டினார். அத்தையின் படம்!

அவ்வளவுதான், பொங்கிவிட்டேன். “அப்பா, இந்த அங்கிளுக்கு வேலையே தெரியல! எனக்கு ஆறே ஆறு, அத்தைக்கு எழுபத்து மூணு! பத்துலயே எல்லாம் சரியாயிடுச்சு. சும்மா சும்மா எடுத்துக்கிட்டே இருக்காரு!”

அத்தை பட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அங்கிள் விரித்த குடையை எதற்கோ மடக்கினார், மறுபடி விரித்தார். அப்பா கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். நின்றுகொண்டு ஆரம்பித்தவர், பாதியில் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இதோ திட்டப்போகிறார் என்று ஆவலோடு காத்திருந்தேன். எழுபத்து மூன்றையும் பார்த்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பா கேட்டது இதுதான்:

“தம்பி, காலையில ஏதாவது சாப்டீங்களா?”

ஆனாலும் எனக்கு நியாயம் கிடைத்தது. வாசலுக்குப் பாப்பா படமே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தையின் படங்களைத் தனக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாசலில் ஆளுயரத்துக்கு நின்றேன். வந்தவர்கள் எல்லாம் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். படத்தின் கன்னத்தையும்தான்.

அடுத்த ஞாயிறு அங்கிள் தன் அம்மா அப்பாவோடு, பழக்கூடையும் கையுமாக எங்கள் பிடோக் வீட்டுக்கு வந்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். எங்கள் பள்ளியிலும் பெரிய தப்பு செய்தால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டுதான் வரச் சொல்வார்கள். அதற்காக அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்தது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அத்தை அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியோடு, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்ததால், நானே எழுந்து அங்கிள் முன்னால் போய் நின்றேன்.

“பரவால்ல அங்கிள். நான் மன்னிச்சிட்டேன்.”

வீடே வெடித்துச் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். என் தோள் நனைந்தது. பாவம், வாசலில் தன் படம் வராதது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

“அழாதீங்க அத்தை,” என்றேன். “அடுத்த தீபாவளிக்கு நீங்களே நின்னுக்குங்க.”