தம்பிராஜாவின் கிழங்கு எந்திரம்

கஜா பெராங் ஊரில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தம்பிராஜாவுக்கு எதையும் நேரம் பார்த்துச் செய்யத் தெரியாது. தெரிந்திருந்தால், அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய 1940-இல் போய் மரவள்ளிக்கிழங்கு துருவும் எந்திரத்தைக் கண்டுபிடித்திருப்பாரா? ஆணியால் துளைத்த தகரத்தை மர உருளையில் சுற்றி, சைக்கிள் மிதியோடு பூட்டியிருந்தார். மிதித்தால் துருவல் பொலபொலவென்று கொட்டும். அதற்கு வெள்ளைக்கார சர்க்காரிடம் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாதாம். பன்றிக்குப் போடும் கிழங்கைத் துருவ யாருக்கு அவசரம்? எதிர்வீட்டுக்காரன் நான், வாய்விட்டே சிரித்தேன்.

அந்தப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பொன்னுதுரையிடம் பெண் கேட்கப் போனார். மகள் கோகிலாவுக்கும் அவர்மேல் விருப்பம்தான். அது ஊருக்கே தெரியும்.

"கடுதாசிய வச்சு என்னா தம்பி பண்றது? ஒங்க மெஷின் வேணும்னு ஒரே ஒரு ஆளு வரட்டும். அன்னைக்கே பொண்ணத் தர்றேன்," என்றார் பொன்னுதுரை.

ஆள் வரவில்லை. ஜப்பான்காரன்தான் வந்தான்.

அரிசி மறைந்து, மூன்று வேளையும் கிழங்கென்று ஆயிற்று. காப்புரிமைச் சட்டம் இருந்தபோது எந்திரத்தைச் சீண்ட ஆளில்லை. ஊரே எந்திரத்துக்கு அலைந்தபோது சட்டம் வெள்ளைக்காரனோடு கப்பலேறிவிட்டது. ஒருமுறை பார்த்தால் போதும், எந்திரத்தை யாரும் செய்துவிடலாம். அதுதான் அதன் கோளாறு. புக்கிட் ரம்பாய், புக்கிட் கட்டில் என்று பக்கத்து ஊர்களிலெல்லாம் முளைத்தது. தம்பிராஜாவைத் தேடி ஒருவரும் வரவில்லை. மனுஷன் சோறு தண்ணி மறந்து குமைந்தார். எனக்கே அப்போது சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் காலையில் கோகிலா தம்பிராஜாவின் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டு மெஷின்ல கெழங்கு மாட்டிக்கிச்சு. வந்து பாக்குறீங்களா?"

"ஒங்க வீட்டுல ஏது மெஷினு?"

அவள் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். விடுவேனா?

வீட்டுக் கொல்லையில் பொன்னுதுரை வெற்றுடம்போடு மிதிமேல் உட்கார்ந்திருந்தார். மீசையெல்லாம் கிழங்குத் துருவல். அதே தகரம், அதே உருளை.

"சும்மா... செஞ்சு பாத்தேன் தம்பி," என்று இழுத்தார் பொன்னுதுரை.

"மெஷின் வேணும்னு ஒரு ஆளு வரட்டும்னு சொன்னீங்கல்லப்பா? நீங்களே வந்துட்டீங்க," என்றாள் கோகிலா.

பொன்னுதுரை மகளைப் பார்த்தார், எந்திரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். எனக்கு ஆனந்தத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் புட்டு, வடை, பாயசம் எல்லாமே கிழங்கு. ஊரிலிருந்த கள்ள எந்திரங்கள் அத்தனையும் பந்தலுக்கு வந்து சேர்ந்தன. பொன்னுதுரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றில் ஏறி உட்கார்ந்தார். மிதிக்கும் முன் மணமேடைப் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள, மிதிக்கலாங்களா?"

அந்தக் காப்புரிமையை மதித்து அனுமதி கேட்ட முதல் ஆள் அவர்தான். மாலையும் கழுத்துமாக நின்ற தம்பிராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"மிதிங்க மாமா!"