மைக்கம்மாவின் மௌன மாதம்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனாலும் வாய் ஓயாது. சாப்பாடு தயார் என்பதையே அடுத்த தெருவுக்கும் சேர்த்துத்தான் அறிவிப்பாள்.

அந்தக் குரல் ஒரு நாள் கம்மியது. வெந்நீர் குடித்துச் சமாளித்தாள். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஒன்றரை மாதம் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பழைய குரல் வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நிலையத்திலோ, பதிவு செய்த குரலில் பேசும் இயந்திரம் வாங்கலாமா என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. குரல் போனால் வேலையும் போச்சு. அதைவிட, பேச்சில்லாமல் தான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் வாயைக் கட்டுவது நடக்கிற காரியமா? உள்ளறையிலிருந்து கணவர், "என் சாக்ஸ் எங்க?" என்று கத்துவார். யோசிக்காமல் இவள் பதில் சொல்லிவிடுவாள், அதாவது சொல்லப் பார்ப்பாள். முதல் வாரமே இப்படிப் பல தடவை ஆனது. அதற்குக் காரணமான மனிதரே வழியும் சொன்னார்.

"லீவு முடியற வரைக்கும் தினம் காட்டுக்குப் போயிட்டு வா. அங்க யாரும் உன்கிட்ட சாக்ஸ் கேக்க மாட்டாங்க."

ஊர்க்கோடியில், பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு காப்புக்காடு. அந்த நிறுத்தத்தின் பெயரை எத்தனையோ ஆயிரம் தடவை மைக்கில் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூடப் போனதில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று வாசலில் வனக்காவலர் கேட்டார். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். வாய் பேச முடியாதவர் என்றால் காதும் கேட்காது என்று அந்த மனிதர் தாமே முடிவுகட்டிவிட்டார். அன்றிலிருந்து அவளிடம் எல்லாம் கைஜாடைதான். தலைக்கு மேல் இரண்டு விரலை நிறுத்தினால் மான். மூக்கின்மேல் விரலை வைத்துக் காற்றில் கொத்தினால் மரங்கொத்தி. ஒரு பொந்தைக் காட்டிக் கண்ணை உருட்டி விழித்தபோது, உள்ளே தூங்கிய ஆந்தையைவிட அவர்தான் ஆந்தையாக இருந்தார். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

காது கேட்கும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பாதை காட்டக் கூடவே வந்தவர், காது கேட்காத துணை கிடைத்த தைரியத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்.

முதலில் குப்பை போடுகிறவர்களைத் திட்டினார். அப்புறம் தனக்குத் தவளை என்றால் நடுக்கம் என்றார். அப்புறம் ஒரு நாள், ஓடைக்கரையில் நின்று, மனைவி இறந்துபோனதைச் சொன்னார். மாமியார் அவரோடுதான் இருக்கிறார்.

"வீட்டுல என்னால அழ முடியல. நான் அழுதா அந்தக் கிழவி உடைஞ்சு போயிடும். அதுக்கும் மகதானே போயிருக்கா."

மைக்கம்மாவுக்குக் கண் நிறைந்தது. ஆறுதல் சொல்ல நாக்கு துடித்தது. டாக்டர் பேச அனுமதித்திருந்தாலும் அன்று அவள் பேசியிருக்க மாட்டாள்.

இன்னொரு நாள், பாதைக்குப் பக்கத்திலேயே மான்கள் மிரளாமல் மேய்ந்தன. "இந்தம்மா வந்தா மானெல்லாம் பயப்படாம நிக்குது," என்று அவர் தனக்குள் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். பேசாமல் இருந்ததற்காக அவளைப் பிறந்ததிலிருந்து யாரும் பாராட்டியதில்லை. குரல் வராமலே போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்று அன்று திரும்பும் பேருந்தில் முதன்முதலாகத் தோன்றியது. அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

முடிச்சு கரைந்துவிட்டது. கொஞ்சம் கட்டையாக இருந்தாலும் அவள் குரலேதான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி சாக்ஸ் கிடைக்கும் என்ற சந்தோஷமும் அதில் இருக்கலாம்.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள் காட்டுக்குப் போனாள். வாயைத் திறந்தால் காவலர் கூனிக்குறுகிப் போவார். திறக்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தால், அவ்வளவு கொடுத்த மனிதரை ஏமாற்றியதாகும். அவரோ தலைமேல் இரண்டு விரலை நிறுத்திக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"அண்ணா, எனக்குப் பேச வரும்," என்றாள்.

விரல்கள் தலைமேலேயே நின்றன. "அப்ப, காது?"

"கேக்கும்ணா. எப்பவுமே கேக்கும். முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க."

"தவளை விஷயமுமா?"

"தவளையும் கேட்டேன். அண்ணி போனதையும் கேட்டேன்."

அவர் முகம் வெளிறிப்போய் விடுவிடுவென்று நடந்தார். அவள் விடவில்லை. குரல் வருமோ வராதோ என்று பயந்து கிடந்த நாட்களில் இந்தக் காடும் அவர் பேச்சும்தான் தன்னைத் தாங்கின என்று, சேர்த்து வைத்திருந்த நன்றியையெல்லாம் பின்னாலேயே நடந்து மூச்சுவிடாமல் கொட்டினாள்.

ஓடைக்கரையில் அவர் நின்றார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"கொஞ்ச நாளா வீட்டுக்குப் போறப்ப மனசு லேசா இருந்துச்சும்மா. ஏன்னு எனக்கே புரியல," என்றார். "யாரோ கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."