இருபத்திரண்டு நிமிடம்

என் வாப்பா உதுமான் இறந்து இன்றோடு பதினெட்டு நாள்.

அவர் உலைக்காரர். செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினான்கு வருடம் உலை முன்னால் நின்றார். அதற்கு முன் தாராவியில் அலுமினியம் உருக்கும் பட்டறை. மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்தபோது வயது பத்தொன்பது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. தகவல் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரே நாளில் இருக்கிறது. அந்த நாளை எழுதுகிறேன்.

உலைக் கதவில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியாகப் பார்த்து, உள்ளே இருக்கும் நிறத்தை வைத்து வெப்பநிலை சொல்வார். பத்து டிகிரி முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தவறாது. 1985இல் ஒரு முறை மீட்டர் ஐம்பது டிகிரி தவறாகக் காட்டியது. வாப்பா மீட்டரை நம்பவில்லை. கழற்றிப் பார்த்தார்கள், உள்ளே கம்பி கெட்டிருந்தது. அன்றிலிருந்து மீட்டரும் அவரும் வேறுபட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு.

அந்த வருடக் கடைசியில் அவர் கண் மங்கியது. உலை வெப்பத்தால் வந்த கண்புரை என்றார் டாக்டர். லென்ஸின் பின்பக்கம், நட்டநடுவில் இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் அந்த மங்கலான நடுப்பகுதி வழியாக மட்டுமே பார்க்க முடியும். எரிகிற நெருப்புகூட அணைவது போல மங்கித் தெரியும். கண்மணியை விரிக்க ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். ஆபரேஷன் ஆகும்வரை உலைப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். வாப்பா மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார். விஷயம் என் உம்மா மதீனா பீவிக்கும் எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவரை ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள்.

1986 மே மாதம் அந்த நிலையத்தில் ஒரு கோடைப் பள்ளி நடந்தது. பாதி உருகிய பொருள்கள், படிக ஒழுங்கு இல்லாத திடப்பொருள்கள் என்பது தலைப்பு. பாறை படிக்கிறவர்கள், உலோகம் படிக்கிறவர்கள், இயற்பியல்காரர்கள், கண்ணாடித் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் ஒரே அறையில் இரண்டு வாரம். நான் மாட்டுங்காவில் கண்ணாடி, பீங்கான் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது.

முதல் நாள் காலை பஸ்ஸில் வாப்பா சொன்னார்.

"அங்க நான் உதுமான் பாய். நீ மிஸ் மெஹராஜ். வாப்பான்னு வாயத் தொறந்துராத. சிபாரிசுல வந்தவளாம்னு சொல்லிருவானுவ."

"அப்பம் நீங்க என்னைய மேடம்னு கூப்பிடுவியளா?"

"கூப்பிடுவேன். வாங்குத சம்பளம் அதுக்கும் சேத்துத்தான்."

அதே வாரம் ரமலான் தொடங்கியது. மருந்து விட்டால் கசப்பு தொண்டைக்குள் இறங்குகிறது, நோன்பு முறிந்துவிடும் என்று பகலில் விடுவதை நிறுத்திவிட்டார். பள்ளிவாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

"தொண்ட என்னுது. கசக்குதது எனக்குத் தெரியுது. ஹஜ்ரத்துக்கிட்ட என்ன கேக்க? சஹர்ல ரெண்டு சொட்டு விடுதேன்லா, போதும்."

சஹர், அதாவது நோன்புக்கு முன் சாப்பிடும் நேரம், காலை நாலரை மணிக்கு முடியும். மருந்து வேலை செய்வது ஆறு மணி நேரம். வியாழக்கிழமை செய்முறை பிற்பகல் மூன்று மணிக்கு. கூட்டிக் கழிக்கத் தெரிந்தவள்தான் நான்.

செய்முறை இதுதான். கருங்கல் பனிக்கட்டியைப் போல ஒரே வெப்பநிலையில் உருகாது. ஆயிரத்து நூற்றெழுபது டிகிரியில் பாதி உருகி, பாதி மணலாக, களிபோல நிற்கும். ஆயிரத்து இருநூற்றைம்பதைத் தாண்டினால் முழுவதும் தண்ணீர்போல இளகிவிடும். களிப் பதத்தில் வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால், உருகின பகுதி கண்ணாடியாக உறையும். உருகாத மணல் அதற்குள் அப்படியே சிக்கியிருக்கும். அதை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கல்லை உருக்கும் சின்னக் கிண்ணமான மூசையை இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் போடுவதற்கு முன் வாப்பா ஒரு வேலை செய்வார். முன்வரிசைக்கு எதிரே மூசையைச் சாய்ப்பார். "பாருங்க சாப், விழாது" என்பார். களி அசையாது. எல்லாரும் கை தட்டுவார்கள்.

கோடைப் பள்ளியை நடத்தியவர் பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காக்காரர். அன்று மீட்டரைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். பக்கத்தில் ருக்கு உட்கார்ந்திருந்தாள், என் வகுப்புத் தோழி.

"இந்த மாமாவுக்கு மீட்டரே வேண்டாமாம்டீ. கண்ணாலயே சொல்லிடுவாராம். எங்காத்துல அம்மா அப்பாவோட கோபத்தை அளக்கிற மாதிரி" என்றாள்.

மூன்று மணிக்கு மீட்டர் ஆயிரத்து நூற்றெழுபது. வாப்பா துளையில் பார்த்தார். "இன்னும் நெறம் ஏறல சாப்" என்று மின்சாரக் குமிழைத் திருகினார்.

மூன்று மணி எட்டு நிமிடம். ஆயிரத்து இருநூறு.

"சார், மீட்டர் இருநூறு" என்றேன்.

வேங்கடசுப்ரமணியன் வாப்பாவைப் பார்த்தார். "என்ன பாய்?"

"மீட்டர் கூடக் காட்டுது சாப். உள்ள இன்னும் செவப்புதான்."

"அது போன வருஷமே பொய் சொன்ன மீட்டர்தானே. நீங்க பாத்துப் பண்ணுங்கோ" என்றார். என்னிடம், "நீ எழுதிண்டே இரும்மா" என்றார்.

எழுதினேன். வாப்பா துளையில் வலது கண்ணை வைத்தார். பிறகு இடது. பிறகு மறுபடி வலது. அவர் இப்படிக் கண் மாற்றி நான் பார்த்ததே இல்லை. மீட்டர் சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கண்ணைச் சொல்ல வேண்டும். நாளை அவர் உலை முன்னால் நிற்க மாட்டார். ஆயிரத்து இருநூற்று இருபது. இருநூற்று நாற்பது. ருக்கு ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். இருநூற்று அறுபது.

மூன்று முப்பதுக்கு "இப்பம் சரி" என்று கதவைத் திறந்தார்.

இடுக்கியில் மூசை வெளியே வந்தது. உள்ளே இருந்தது களி இல்லை. மேற்பரப்பு கண்ணாடிபோல மட்டமாக இருந்தது. அவர் நடக்க நடக்க ஆடியது. முன்வரிசையில் ஆறு பேர் ஸ்டூலில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மணிக்கட்டு திரும்பியது.

"பாருங்க சாப்—"

"வாப்பா! சாய்க்காதிய!"

கை நின்றது. விளிம்பிலிருந்து ஒரே ஒரு இழை இறங்கி, அவர் காலருகே ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் விழுந்தது. ஒரு துளி தெறித்து அவர் கான்வாஸ் ஷூவில் ஓட்டை போட்டது. ரப்பர் கருகும் நாற்றம். அவர் நகரவில்லை. மூசையை மெல்ல நிமிர்த்தி, செங்கல் மேல் வைத்த பிறகுதான் காலை உதறினார்.

ருக்கு என்னைப் பார்த்தாள். "உங்கப்பாவாடீ?" என்றாள், குரலே இல்லாமல்.

வேங்கடசுப்ரமணியன் என் அருகே வந்தார். "மீட்டர் என்ன காட்றது?"

"ஆயிரத்து இருநூற்று எழுபது சார்."

"அது சரியா இருக்கா?"

"சரி சார்."

"அப்போ பாய்க்கு என்ன ஆச்சு?"

வாப்பா கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அவங்களுக்குக் கண்ணுல புரை சார். ஆறு மாசமா" என்றேன்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில்தான் நோன்பு திறந்தோம். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தபின் பேசினார்.

"ஏளா, எப்பம் தெரிஞ்சுது உனக்கு?"

"இருநூறு தாண்டயில."

"அதுக்கப்புறம் எத்தன நிமிசம்?"

நோட்டைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. "இருபத்திரண்டு."

கொட்டையை உள்ளங்கையில் துப்பினார். "கண்ணு தெரியாதவன் நானு. தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தவ நீ. அந்தப் புள்ளையள் மூஞ்சில ஊத்தியிருந்தா?"

"உங்க வேல போயிருமேன்னுதான்…"

"வேல என்னுது. வச்சிக்கிடுதேன், தொலச்சுக்கிடுதேன். மீட்டர் உங்கையிலல்லா இருந்துச்சு?"

ஐந்நூற்றுப் பத்தாம் நம்பரோ எதுவோ வந்தது. ஏறினோம். இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் இரண்டடி பின்னால்.

மறுநாள் காலை அவரே போய் வேங்கடசுப்ரமணியனிடம் சொல்லிவிட்டார், இனி உலை முன்னால் நிற்பதில்லை என்று. திங்கட்கிழமை செய்முறையை மறுபடி செய்ய வேண்டும். யார் நிற்பது என்று பேச்சு வந்தது. கையுறைகளை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. வாப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு, உலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டார்.

"எத்தன?"

"ஆயிரத்தி நூத்தி நாப்பது."

"எத்தன?"

"நூத்தி அம்பத்தஞ்சு."

அன்று மூசையைச் சாய்த்துக் காட்டவில்லை. நேரே தண்ணீரில் போட்டேன். வெட்டிப் பார்த்தபோது கறுப்புக் கண்ணாடிக்குள் மணல் சரியாகச் சிக்கியிருந்தது.

அந்த வாரமே அவர் ஸ்டோருக்குப் போனார். டிசம்பரில் ஆபரேஷன். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வருடம் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டினார். உலை அறைக்குள் பிறகு ஒரு முறைகூட அவர் நுழையவில்லை.

கடைசியில் நுரையீரல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள், என்னிடம் நீட்டுவாள். அவர் கண்ணை மூடியபடியே கேட்பார்.

"எத்தன?"

உம்மா ஒவ்வொரு முறையும் என் கையை அழுத்தினாள், குறைத்துச் சொல் என்று.

"நூத்தி மூணு, வாப்பா" என்றேன். கேட்டவுடன் சொன்னேன். எட்டு நாளும் அப்படித்தான். ஒன்பதாம் நாள் அவர் கேட்கவில்லை.